டெலிவரி கட்டணம் ஏன் இவ்வளவு? வாங்கும்போது செய்யும் சில தவறுகள்

பொருளின் விலை பிடித்துப்போய், பணம் கட்டும் பக்கம் வரை வந்தபின் ஷிப்பிங் கட்டணத்தைப் பார்த்துத் திகைக்காதவர்கள் குறைவு. கடைக்காரர் இதிலும் லாபம் பார்க்கிறார் என்றுதான் முதலில் தோன்றும். சிலர் பார்க்கவும் செய்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் அந்தத் தொகைக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அது தெரியாததால்தான் தேவையில்லாமல் பணம் போகிறது.

எல்லாரும் செய்யும் தவறு, எடையை மட்டும் பார்ப்பது. ‘ஒரு கிலோகூட இல்லாத தலையணைக்கு இவ்வளவா?’ என்று கேட்பதில் நியாயம் இருப்பதுபோலத்தான் தெரியும். ஆனால் லாரியிலும் விமானத்திலும் எடைக்கு வரம்பு இருப்பதுபோல இடத்துக்கும் வரம்பு உண்டு. லேசான, பெரிய பெட்டிகளாக ஏற்றினால் எடை வரம்பைத் தொடும் முன்பே இடம் தீர்ந்துவிடும். அதனால் கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி ஓர் எண்ணால் வகுக்கின்றன. பன்னாட்டு கூரியரில் அந்த எண் பெரும்பாலும் 5000. கிடைப்பதுதான் வால்யூமெட்ரிக் எடை. உண்மையான எடை, இந்த எடை, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம்.

தலையணை வரும் பெட்டி 50 × 40 × 30 என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 60,000. 5000-ஆல் வகுத்தால் 12 கிலோ! காற்றை அழுத்தி வெளியேற்றி, அதே தலையணையை 50 × 40 × 10 பெட்டியில் அடைத்தால் 4 கிலோதான். பொருள் மாறவில்லை, பெட்டிதான் மாறியது. அமெரிக்காவில் ஃபெடெக்ஸும் யுபிஎஸ்ஸும் 3 கன அடிக்குக் குறைவான தரைவழிப் பார்சல்களுக்கு இந்தக் கணக்கைப் போடாமல் இருந்தன. 2015 பிறக்கும் நேரத்தில் அவற்றுக்கும் கொண்டுவந்துவிட்டன. எனவே மெத்தை, விளக்குக் கூடு, பொம்மை போன்றவற்றை வாங்கும்போது பார்சலின் அளவைப் பாருங்கள். குறிப்பிடவில்லை என்றால் விற்பவரிடம் கேளுங்கள். மடித்தோ கழற்றியோ அனுப்ப முடியுமா என்றும் கேட்கலாம், தப்பே இல்லை.

பக்கத்து ஊரிலிருந்து வந்தால் பாதிக் கட்டணம்தான் என்று நினைப்பதும் சரிவராது. கப்பலில் ஒரு கண்டெய்னர் நிறையப் பொருள் வரும்போது, கடல் தாண்டும் செலவு ஒவ்வொன்றுக்கும் மிகச் சிறிதாகப் பிரிந்துவிடும். செலவு ஏறுவது கடைசிக் கட்டத்தில். ஒருவர் வண்டி ஓட்டி, தெருவைத் தேடி, மாடி ஏறி, ஒரே ஒரு பார்சலை ஒரு வீட்டில் கொடுக்கிறார். வீடு பூட்டியிருந்தால் மறுநாளும் அதே வேலை. வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும் பகுதிகளுக்குக் கூடுதல் கட்டணம் போடுவதும் இதனால்தான். முகவரியையும் போன் எண்ணையும் அரைகுறையாகக் கொடுத்தால், பார்சல் திரும்பிப்போய் மறுபடி அனுப்பும் செலவு உங்கள் தலையில் விழலாம்.

அப்புறம், ‘இலவச டெலிவரி’. அந்தச் செலவு பொருளின் விலையிலேயே ஒளிந்திருக்கும், அவ்வளவுதான். ஒப்பிடும்போது விலையையும் ஷிப்பிங்கையும் கூட்டி வரும் தொகையைப் பாருங்கள். இலவச வரம்பை எட்டுவதற்காகத் தேவையில்லாத ஒன்றைச் சேர்ப்பது, கட்டணத்தைவிட அதிகமாகச் செலவழிப்பதில்தான் பலமுறை முடிகிறது. ஒரே கார்ட்டில் இருந்தாலும் மூன்று விற்பனையாளர்களின் பொருள் என்றால் அது மூன்று பார்சல். முடிந்தவரை ஒருவரிடமே சேர்த்து வாங்குவது நல்லது.

வெளிநாட்டிலிருந்து வாங்குபவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பல நாடுகளில் சுங்க வரியைப் பொருளின் விலைக்கு மட்டும் போடுவதில்லை. ஷிப்பிங்கையும் காப்பீட்டையும் கூட்டித்தான் போடுகிறார்கள். பொருள் 100, ஷிப்பிங் 40, வரி 20 சதவீதம் என்றால் கட்ட வேண்டியது 20 அல்ல, 28. வரியை உங்கள் சார்பில் முதலில் கட்டும் கூரியர் அதற்கென ஒரு கட்டணமும் வாங்கலாம். ‘சின்னப் பார்சல்தானே, வரி வராது’ என்ற பழைய நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரையிலான இறக்குமதிக்கு இருந்த வாட் விலக்கை 2021 ஜூலை 1-இல் நீக்கியது. அமெரிக்காவும் 800 டாலர் வரையிலான சலுகையை 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்திவைத்தது. இதிலிருந்து தப்பிக்க விலையைக் குறைத்து எழுதச் சொல்வது சட்டப்படி தவறு. பார்சல் தொலைந்தால் அந்தக் குறைந்த தொகைக்கு மேல் இழப்பீடும் கிடைக்காது.

பேட்டரி தனிக் கதை. தனியாக அனுப்பும் லித்தியம் அயான் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016 ஏப்ரல் 1 முதல் தடை இருக்கிறது. தீப்பிடிக்கும் அபாயம்தான் காரணம். சரக்கு விமானம், தனிப் பேக்கிங், லேபிள் என்று செலவு கூடிக்கொண்டே போகும்.

பலரும் பார்க்காமல் விடுவது ரிட்டர்ன் விதியை. திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்று வாங்கும் முன்பே படித்துவிடுங்கள். வந்த பெட்டியையும் உடனே கிழித்துப் போடாதீர்கள். அதைவிடப் பெரிய பெட்டியில் வைத்து அனுப்பினால், அந்த நீள அகல உயரத்துக்குத்தான் மறுபடி கட்டணம்.