பேசுகிறோமா, பரீட்சை வைக்கிறோமா?

ஏற்காட்டுக்குப் பஸ்ஸில் போகும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் குரங்கு ஒன்று யாரோ ஒரு பாட்டியின் பொரிப் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. மொழி வளர்ச்சிக் குறைபாடு (பேசுவதும், பிறர் பேசுவதைப் புரிந்துகொள்வதும் சிரமமாக இருப்பது) உள்ள என் ஆறு வயதுப் பையன் "அம்மா, குரங்கு பாட்டி பொரி போச்சு" என்றான். அவனாகவே ஆரம்பித்த பேச்சு அது. நானோ "என்ன கலர் குரங்கு? எத்தனை? எங்கே, சரியா சொல்லு" என்று அடுக்கிவிட்டேன், அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நாம் செய்கிற பெரிய தவறு இதுதான். "ஆமா, குரங்கு பாட்டியோட பொரியைப் பிடுங்கிருச்சு!" என்று அவன் சொன்னதையே முழுசாகச் சொல்லிவிட்டு, மனதுக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருந்தால் போதும். திருப்பிச் சொல்ல வைக்க வேண்டாம்.

அடுத்தது, புரியாமலே "ஆமா ஆமா" என்று தலையாட்டுவது. புரிந்தவரை சொல்லி, "குரங்கு எதை எடுத்துச்சு?" என்று கேளுங்கள். பேச்சு அறுந்தால் ஒட்ட வைக்கலாம் என்பதைக் குழந்தை அப்படித்தான் பழகும். தனக்குப் புரியாதபோது "புரியல" என்று சொல்லவும் இந்தக் குழந்தைகளுக்குச் சொல்லித்தர வேண்டும், இல்லையென்றால் எல்லாவற்றுக்கும் "ம்" தான். சம்பந்தமில்லாமல் பதில் சொல்வதைத் திமிர் என்று திட்டாதீர்கள், பாதிக் கேள்வி அவர்களைத் தாண்டிப் போயிருக்கும்.

வீட்டில் தெலுங்கோ சௌராஷ்டிரமோ பேசுவதால் இந்தக் குறைபாடு வருவதில்லை. அதை நிறுத்தினால் பாட்டியோடு பேசும் பேச்சுதான் போகும்.

அப்புறம், "அவங்க தாத்தாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று வருஷக்கணக்கில் காத்திருப்பது. 30 பேர் படிக்கும் வகுப்பில் சுமார் 2 குழந்தைகளுக்கு இது இருக்கும், அரிதான விஷயமே இல்லை. முதலில் காது கேட்கும் திறனைப் பரிசோதித்துவிட்டு, பேச்சுப் பயிற்சியாளரிடம் போங்கள். தனியாரிடம் செலவு கட்டுப்படியாகாதென்றால் அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள்.

தட்டுவடை செட்டுக் கடையில் அண்ணன் "செட்டா நொறுக்கலா, காரம் தூக்கலா கம்மியா" என்று ஒரே மூச்சில் கேட்பார். பையன் "ம்" என்பான், நான் பதில் சொல்லிவிடுவேன். போன வாரம் நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தவன், "அண்ணா, புரியல" என்றான். அவர் குனிந்து, ஒவ்வொன்றாகக் கேட்டார்.