மலைமேல் குடிபோகும் முன்: பலரும் சறுக்கும் இடங்கள்

ஏப்ரல், மே வெயில் தாங்காமல் ஈரோடு, திருப்பூர், கரூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் நான்கு நாள் கோத்தகிரிக்கோ ஏற்காட்டுக்கோ போய்வந்தால், இறங்கும் வழியிலேயே ‘இங்கயே ஒரு வீடு பார்த்துடலாமா’ என்ற பேச்சு கிளம்பிவிடும். பேச்சில் தப்பில்லை. மே மாதத்து மலையை மட்டும் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுப்பதுதான் தப்பு.

மழை எந்தப் பக்கத்தில் இருந்து வருகிறது என்று கேட்காமல் விடுவது

எல்லா மலையூரும் ஒன்றல்ல. வால்பாறை, கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி எல்லாம் தென்மேற்குப் பருவக்காற்றுக்கு நேர் முகம் காட்டுபவை. ஜூன், ஜூலையில் அங்கே துணி காய்வது பெரும்பாடு. குன்னூரும் கோத்தகிரியும் கிழக்குச் சரிவு. அங்கே அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும் வடகிழக்கு மழைதான் ஆளைப் பார்க்கும். 2009 நவம்பரில் குன்னூர் பக்கத்துக் கேத்தியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது; அந்த மழையின் மண்சரிவுகளில் நீலகிரியில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் கிட்டத்தட்ட அதே அளவு மழை அவலாஞ்சியில். மாவட்டம் ஒன்றுதான், ஆபத்து மாதம் வேறு.

ஆகவே எந்த ஊரைப் பார்க்கிறீர்களோ, அந்த ஊரின் கெட்ட மாதத்தில் போய்ப் பாருங்கள். அதைவிட நல்லது, 11 மாத ஒப்பந்தத்தில் ஒரு வாடகை வீடு பிடித்து, அந்த ஊரின் மழைக்காலம் முழுவதும் அதில் அடங்கும்படி குடியிருந்து பார்ப்பது. அந்தப் பொறுமை இல்லாதவர்கள் மலையில் சொத்து வாங்காமல் இருப்பதே மேல்.

வீட்டைப் பார்க்கப் போனவர் ஹாலில் நின்று ஜன்னல் வழியே தேயிலைத் தோட்டத்தைப் பார்ப்பார். பார்க்க வேண்டியது பீரோவுக்குப் பின்னால் இருக்கும் சுவரை. பீரோவை ஒரு சாண் நகர்த்தச் சொல்லுங்கள். பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, கைபட்டதும் உதிர்ந்தால் அந்தச் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது. பெரும்பாலும் அது மலைச்சரிவை வெட்டிக் கட்டிய பக்கத்துச் சுவராகத்தான் இருக்கும். பின்னால் மண்ணுக்கும் சுவருக்கும் நடுவே வடிகால் விடாமல் ஒட்டிக் கட்டியிருப்பார்கள். எத்தனை கோட் வாட்டர்ப்ரூஃப் அடித்தாலும் அடுத்த மழையில் திரும்ப வரும். அலமாரியைத் திறந்து மோந்து பார்ப்பதும், புதிதாக வெள்ளையடித்த வாடை ஒரே ஒரு அறையில் மட்டும் வந்தால் சந்தேகப்படுவதும் தப்பே இல்லை. சூரிய வெளிச்சம் வீட்டுக்குள் எத்தனை மணி நேரம் விழுகிறது என்று கேளுங்கள். காலையிலோ மாலையிலோ வெயிலே படாத சரிவில் பட்டுப்புடவை ஜரிகை கறுக்கும், தோல் செருப்பில் பூசணம் பூக்கும், மூட்டுவலியும் ஆஸ்துமாவும் உள்ள பெரியவர்கள் படும்பாடு தனி.

படியை எண்ணாமல் விடுவது

‘ரோட்டுக்குக் கீழே பத்துப் படிதான்’ என்று புரோக்கர் சொல்வார். இறங்கி நீங்களே எண்ணுங்கள். நாற்பது, ஐம்பது படி இறங்கும் வீடுகள் மலையில் சாதாரணம். இறங்கும்போது ஒன்றும் தெரியாது. கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, சோபா, வாஷிங் மெஷின் ஒவ்வொன்றுக்கும் தலைச்சுமைக் கூலி உண்டு. வீட்டில் சின்னதாக ஒரு பாத்ரூம் கட்டுவதென்றாலும் மணல், செங்கல், சிமென்ட் எல்லாம் ரோட்டிலிருந்து ஆள் தூக்கித்தான் வர வேண்டும். பொருள் விலையோடு சுமைக்கூலியும் எஸ்டிமேட்டில் ஏறும். எல்லாவற்றையும்விட, உடம்பு முடியாதவரை நாற்காலியில் வைத்து நான்கு பேர் தூக்கி மேலே ஏற்றினால்தான் 108 வண்டியில் ஏற்ற முடியும். அறுபது வயதில் வாங்குபவர், எழுபத்தைந்து வயதில் அந்தப் படி ஏற முடியுமா என்று கணக்குப் போட வேண்டும். ரோட்டு மட்டத்து வீடு சத்தமாக இருக்கும், விலையும் கூட. ஆனாலும் அதுவே நல்லது.

சரிவின் குணத்தைப் படிக்காமல் விடுவது

மனை தட்டையாக இருக்கிறதே என்று சந்தோஷப்படாதீர்கள். மலையில் தட்டையான இடம் தானாக வருவதில்லை. மேலே வெட்டி, அந்த மண்ணைக் கீழே கொட்டிச் சமப்படுத்தியிருப்பார்கள். கொட்டிய பாதியில்தான் வீடு அமுங்கும். பார்க்க வேண்டிய அறிகுறிகள் எளிமையானவை. மரங்களின் அடித்தண்டு வளைந்து பிறகு நிமிர்ந்திருக்கிறதா? மண்ணிலோ சிமென்ட் தரையிலோ சரிவுக்குக் குறுக்கே நீளமாக விரிசல் ஓடுகிறதா? கதவு சட்டத்தில் இடிக்கிறதா? மழைக்குப் பின் புதிதாக எங்காவது ஊற்று கசிகிறதா? தடுப்புச்சுவரில் தண்ணீர் வெளியேறக் குழாய் விட்டிருக்கிறார்களா, அது அடைபடாமல் ஒழுகுகிறதா என்று மழை நாளில் பாருங்கள். பின்னால் தேங்கும் தண்ணீரின் பாரம்தான் சுவரைச் சாய்க்கிறது. ஓடை ஓடிய தடத்தை மூடிக் கட்டிய மனை என்று தெரிந்தால் பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள்.

பத்திரத்தைச் சமவெளிக் கணக்கில் பார்ப்பது

பணம் அதிகம் போவது இங்கேதான். பல்லடத்தில் சைட் வாங்குகிற பழக்கத்தில் 30 வருட வில்லங்கச் சான்றும் பட்டாவும் பார்த்தால் போதும் என்று நினைப்பார்கள். மலையில் அது பாதி வேலை.

முதலில், அந்த சர்வே எண் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின், அதாவது ‘ஹாக்கா’வின் எல்லைக்குள் வருகிறதா என்று பாருங்கள். நீலகிரி மட்டுமல்ல, கோவை மாவட்டத்து மலையடிவாரக் கிராமங்கள் பலவும் அதில் அடக்கம். அங்கே மனைப்பிரிவோ கட்டடமோ என்றால் வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, புவியியல் மற்றும் சுரங்கத் துறை ஆகியவற்றின் தடையின்மைச் சான்று கேட்பார்கள். நீலகிரியில் வீட்டின் உயரம் 7 மீட்டருக்குள் அடங்க வேண்டும். ஆட்சியர் அனுமதி இல்லாமல் போர்வெல் போடவோ ஜேசிபி இறக்கவோ முடியாது. சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். ‘வாங்கிப் போடுங்க, அப்புறம் அப்ரூவல் வாங்கிக்கலாம்’ என்பவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். அப்ரூவலோடு வந்தால் பேசலாம் என்று சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, நிலத்தின் வகை. அ-பதிவேட்டு (கிராம நிலப் பதிவேடு) நகலையும் புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) எடுத்து, அரசு நிபந்தனையோடு ஒப்படைத்த நிபந்தனைப் பட்டாவா, தனியார் காடா என்று பாருங்கள். நிபந்தனைப் பட்டா நிலத்தை ஒப்படைப்பு ஆணையில் உள்ள நிபந்தனையை மீறி விற்க முடியாது. பத்திரம் பதிவானாலும் நிலம் உங்கள் கையில் நிற்காது. தனியார் காடாக அறிவித்த நிலத்தை 1949-ஆம் ஆண்டுச் சட்டப்படி முன் அனுமதி இல்லாமல் விற்கவே கூடாது. கூடலூர், பந்தலூர் பக்கம் ஜென்மம் நிலம், அதாவது பழைய பரம்பரை நிலவுடைமையில் இருந்த நிலம் என்று தனிச் சிக்கல். 1969-ஆம் ஆண்டு ஜென்மம் ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் வரும் நிலத்தைப் பட்டா இல்லாமலே அனுபவ பாத்தியம் என்று சொல்லிக் கைமாற்றுவார்கள். மசினகுடி, சீகூர்ப் பக்கம் யானை வழித்தடம். அப்படி அறிவித்த அரசாணையை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது; உள்ளே ரிசார்ட் கட்டியவர்களும் தப்பவில்லை. வால்பாறையில் ஊரைச் சுற்றி எஸ்டேட்டும் ஆனைமலைப் புலிகள் காப்பகமும்தான். அங்கே சல்லிசாக மனை வருகிறது என்றாலே காகிதத்தை இரண்டு முறை படிக்க வேண்டும். இந்தச் சட்டங்களில் பழகிய உள்ளூர் வக்கீலிடம் கருத்துரை வாங்கும் செலவை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

‘மழை பெய்யற ஊர்ல தண்ணிக்கா பஞ்சம்?’

உண்டு. பாறையும் சரிவுமான ஊரில் மழைநீர் நிற்பதில்லை, ஓடிவிடுகிறது. குன்னூரில் கோடையில் சில வார்டுகளுக்கு வாரம் தாண்டித்தான் குழாய்த் தண்ணீர் வரும். நான்கு பேர் வீட்டுக்கு ஆளுக்கு 100 லிட்டர் என்றால் பத்து நாளைக்கு 4,000 லிட்டர் தொட்டி வேண்டும். பெரும்பாலான வீடுகளில் 1,000 லிட்டர் டேங்க்தான் நிற்கும். லாரித் தண்ணீர் வாங்கலாம் என்றால் லாரியின் ஹோஸ் வீடுவரை எட்டுமா என்பது அடுத்த கேள்வி.

ஆஸ்பத்திரித் தூரத்தைக் கிலோமீட்டரில் கேட்காதீர்கள், மணிக்கணக்கில் கேளுங்கள். வால்பாறையிலிருந்து பொள்ளாச்சி 64 கி.மீ., 40 கொண்டை ஊசி வளைவு. இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது, மூடுபனி இருந்தால் கூடும். கொல்லிமலையில் 70 வளைவு. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. வாரம் மூன்று டயாலிசிஸ் தேவைப்படுபவரோ, சமீபத்தில் நெஞ்சுவலி வந்தவரோ வீட்டில் இருந்தால் குடிபோவதைத் தள்ளிப்போடுங்கள்.

மிருகங்கள் விஷயத்தில் பயமும் வேண்டாம், அசட்டையும் வேண்டாம். குன்னூர், கோத்தகிரியில் காட்டெருமை வாசலில் நிற்கும். கிட்டே போகாதவரை அது பாட்டுக்குப் போய்விடும். கரடி எண்ணெய் வாசத்துக்கும் பலாப்பழத்துக்கும் வரும். வீட்டை ஒட்டிப் பலா, வாழை வைக்காதீர்கள், சமையலறைக் கதவு தகரமாக இருக்கக் கூடாது, குப்பையை இரவில் வெளியே வைக்கக் கூடாது. வால்பாறையில் யானை நடமாட்டம் இருந்தால் எச்சரிக்கும் சிவப்பு விளக்குகள் இருக்கின்றன. சிறுத்தை குழந்தைகளைத் தாக்கிய சம்பவங்களும் அங்கே நடந்திருக்கின்றன. இருட்டிய பிறகு குழந்தைகளைத் தனியே வெளியே விடும் பழக்கம் உள்ள வீட்டுக்கு எஸ்டேட் ஓர வீடு ஒத்துவராது.

வாடகை வருமானத்தை நம்பி இ.எம்.ஐ. போடுவது

சீசனில் ஹோம்ஸ்டே விட்டுக் கடனை அடைத்துவிடலாம் என்ற கணக்கு பேப்பரில் அழகாக இருக்கும். குடியிருப்புக்கு என்று அனுமதி வாங்கிய வீட்டை லாட்ஜ் மாதிரி நடத்தினால் சீல் வைப்பார்கள், நீலகிரியில் வைத்தும் இருக்கிறார்கள். வரும் கூட்டத்துக்கும் இப்போது வரம்பு உண்டு. நீலகிரிக்குள் வரும் வண்டிகளுக்கு 2024 மே மாதம் இ-பாஸ், அதாவது ஆன்லைன் நுழைவு அனுமதி வந்தது. 2025 கோடையில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி வார நாட்களில் தினம் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று கட்டுப்பாடு வைத்தார்கள். வாடகை ஒரு பைசா வராவிட்டாலும் தவணை கட்ட முடியும் என்றால் மட்டும் கடன் வாங்குங்கள்.

இந்த இ-பாஸ் குடிபோகிறவர்களையும் தொடும். நீலகிரியின் டிஎன் 43 பதிவெண் வண்டிக்குப் பிரச்சினை இல்லை. கோவை, ஈரோடு எண் வண்டியோடு போனால் வீட்டு முகவரிச் சான்றைக் காட்டி உள்ளூர்வாசிகளுக்கான பாஸ் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். சீசனில் ஊட்டிக்கு ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று ஒருவழியாக்கிவிடுவார்கள். மேட்டுப்பாளையத்துக்கு ஒரு வேலையாகக் குன்னூரிலிருந்து இறங்குபவர் ஊரைச் சுற்ற வேண்டிவரும். கீழே தினமும் போய்வர வேண்டிய தொழில் என்றால் அந்த இரண்டு மாதத்துக்குக் கீழேயே தங்க ஓர் ஏற்பாடு செய்துகொண்டு பிறகு இப்போதைய வீட்டைக் காலி செய்யுங்கள்.