மென்பொருள் பொறியியலில் ஆய்வாளராக விரும்புவோர் முதல் ஆய்வைத் தொடங்கும் முறை

வேலூர், காட்பாடி, இராணிப்பேட்டைப் பக்கத்துக் கல்லூரிகளில் கணினி அறிவியல் முதுகலை முடிக்கும் மாணவர்கள் ‘பிஎச்டிக்கு என்ன டாபிக் எடுக்கலாம்’ என்று கேட்கும்போது, பெரும்பாலும் தாம் செய்யப்போகும் ஒரு செயலியையே மனத்தில் வைத்திருக்கிறார்கள். 1968 அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோவின் ஆதரவில் கூடி ‘மென்பொருள் பொறியியல்’ என்ற பெயரை நிலைபெறச் செய்த அறிஞர்களின் கவலையோ, பெரிய மென்பொருள்கள் ஏன் தாமதமாகவும் பிழைகளோடும் வந்து சேர்கின்றன என்பதாக இருந்தது. இன்றும் இத்துறையில் ஆய்வு என்பது, மென்பொருள் உருவாகும் விதத்தைச் சான்றுகளோடு விசாரிப்பதே.

ஆகவே முதலில் ஒரு கேள்வி வேண்டும். அது பெரும்பாலும் பக்கத்திலேயே கிடக்கும். பைத்தான் நிரல்மொழியில் ‘வேலூர்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால், உயிர்க்குறிகளையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணி 6 என்று விடை வரும். நாம் எண்ணினால் வே, லூ, ர் என மூன்றே எழுத்துகள். ‘கொணவட்டம்’ இன்னும் சிக்கலானது. அதன் முதலெழுத்தில் உள்ள ஒகரக் குறியை, எழுத்துகளுக்குக் குறியீடு தரும் முறையான யூனிகோடில் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஆனால் இவற்றை ஒருமைப்படுத்தாத நிரல் இரண்டையும் வேறு வேறு சொற்களாகக் கொள்வதால், முகவரிப் பட்டியலில் ஊர்ப்பெயரைத் தேடுபவருக்குச் சில வீடுகள் கிடைக்காமலே போகும். இதைத் திருத்த ஒரு கருவி செய்வது நல்ல புராஜெக்ட். ‘இந்திய மொழி எழுத்துகள் தொடர்பான பிழைகள், மற்றப் பிழைகளைவிடத் தாமதமாகத் திருத்தப்படுகின்றனவா?’ என்று கேட்டால்தான் அது ஆய்வாகிறது.

அடுத்தது தரவு. நிரல் எல்லோர் பார்வைக்கும் திறந்திருக்கும் திறமூலத் திட்டங்கள் மூன்றைத் தேர்ந்து, அவற்றின் பிழை அறிக்கைகளில் நூற்றையாவது கண்ணால் படித்த பிறகே நிரல் கொண்டு மொத்தமாக இறக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றி நான் இரண்டு மாதங்களை இழந்தேன்: திறமூலத் திட்டங்கள் பல இருக்கும் கிட்ஹப் தளத்திலிருந்து நிரல்வழி தரவு பெற உதவும் ஏபிஐ, இஷ்யூக்களை (பிழை முதலிய அறிக்கைகளை) கேட்டால் புல் ரிக்வெஸ்ட்டுகளையும் (நிரலில் செய்த மாற்றத்தைச் சேர்க்கக் கோருபவற்றையும்) சேர்த்தே தருகிறது; இரண்டையும் பிழைகளாக எண்ணி அட்டவணை போட்டிருந்தேன். மேலும், பலநாள் பதில் இல்லாத அறிக்கையைத் தானாக மூடிவிடும் பாட்கள் என்னும் தானியங்கி நிரல்கள் உண்டு. மூடப்பட்டது எல்லாம் திருத்தப்பட்டது ஆகாது.

பிழைகளை வகைப்படுத்தும் வேலையை இருவர் தனித்தனியாகச் செய்ய வேண்டும். கொம்புக்குறி தன் எழுத்துக்குப் பின்னால் தனியாக நிற்கும் திரைப்பிடிப்பைப் பார்த்து ஒருவர் எழுத்துருக் கோளாறு என்பார், மற்றவர் சேமிப்புக் கோளாறு என்பார். எவ்வளவு ஒத்துப்போனார்கள் என்பதைக் கோஹன் கப்பா அளவால் கணக்கிட்டு, குறைவாக இருந்தால் வரையறையைத் திருத்தி எழுதி மீண்டும் தொடங்குவதே முறை. சலிப்பான வேலைதான், ஆனால் இதைத் தவிர்த்த பேப்பரை நான் நம்புவதில்லை.

பிழைகளைத் திருத்த ஆன நாட்களை ஒப்பிடும்போது சராசரியைவிட இடைநிலை அளவு (மீடியன்) பொருத்தமானது, ஏனெனில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் சில பிழைகள் சராசரியை இழுத்துவிடும். இன்னும் திறந்தே இருக்கும் பிழைகளை விட்டுவிடவும் கூடாது. ஆய்வு முடியும் நாளில் உயிரோடு இருக்கும் நோயாளிகளையும் கணக்கில் சேர்க்க மருத்துவப் புள்ளியியலில் உருவான உயிர்பிழைப்புப் பகுப்பாய்வு இங்கே அப்படியே பொருந்தும். சிஎம்சி மருத்துவக் கல்லூரி இருக்கும் வேலூரில் அது தெரிந்தவரைத் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை.

எங்கே வெளியிடுவது? 1975இல் தொடங்கி 2014இல் ஹைதராபாத்திலும் நடந்த, மென்பொருள் பொறியியலுக்கான பன்னாட்டு மாநாடான ஐசிஎஸ்இயின் கட்டுரைகளையும், இத்தகைய பிழைத்தரவு ஆய்வுகளுக்கென்றே 2004 முதல் நடந்துவரும் எம்எஸ்ஆர் கூட்டத்தின் கட்டுரைகளையும் படித்துப் பழகுங்கள். முதல் முயற்சிக்கு 2008இல் தொடங்கிய இந்திய மாநாடான ஐசெக் ஏற்றது. பணம் கட்டினால் ஒரே வாரத்தில் வெளியிடும் ஜர்னல்கள் பக்கம் போகாதீர்கள். அந்த ஜர்னலின் பெயர் உங்கள் வெளியீட்டுப் பட்டியலிலிருந்து பின்னால் அழியாது.

பிஎச்டிக்கு, பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிகளின்படி குறைந்தது மூன்று ஆண்டுகள், பொதுவாக அதிகபட்சம் ஆறு ஆண்டுகள்; நெட் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர்) தகுதி பெற்றவர்களுக்கான உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். கல்லூரியின் பெயரைவிடக் கைடு யார் என்பதே முக்கியம் என்பது என் கருத்து. அவருடைய அண்மைக் கட்டுரைகளைப் படியுங்கள். அவரிடம் படிக்கும் மாணவர்களிடம், அவர் வரைவுகளை எத்தனை நாளில் திருத்தித் தருகிறார் என்று கேளுங்கள். பிறகு எழுதும் முதல் மின்னஞ்சலில் மதிப்பெண் பட்டியலோடு, நீங்கள் கையால் படித்த அந்த நூறு அறிக்கைகளில் கண்டதை அரைப்பக்கத்தில் இணைத்து அனுப்புங்கள்.