ஸ்கேட்போர்டு பேரிங்: கழற்றும்போதும் மாட்டும்போதும் செய்யக் கூடாத தவறுகள்

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் ஸ்கேட்போர்டு ஓட்டும் பிள்ளைகளிடம் பேசினால் இந்தப் புகார் கட்டாயம் வரும்: புதுப் பேரிங் போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் கரகரவென்று சத்தம். மட்டமான பேரிங் என்று நினைத்து அடுத்த தடவை இன்னும் விலை கூடியதை வாங்குகிறார்கள். அதுவும் அப்படியே போகிறது. காரணம் விலையில் இல்லை. பேரிங்கை வீலுக்குள் ஏற்றும் அந்த அரை நிமிடத்தில்தான் பெரும்பாலும் அது கெட்டுப்போகிறது.

ஸ்கேட்போர்டில் போடுவது 608 சைசு. உள்துளை 8 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 22, அகலம் 7. ஒரு வீலுக்கு இரண்டு, போர்டுக்கு மொத்தம் எட்டு. ரோலர் ஸ்கேட்டிலும் சின்ன மோட்டார்களிலும் ஓடுவது இதே சைசுதான். உள்ளே ஒரு வளையம், வெளியே ஒரு வளையம், நடுவில் வழக்கமாக ஏழு குண்டுகள். ஆக்ஸிலின், அதாவது வீல் மாட்டும் இரும்புத் தண்டின், குறுக்களவு 5/16 அங்குலம், அதாவது 7.94 மில்லிமீட்டர். அதனால் உள்வளையம் ஆக்ஸிலில் கையாலேயே வழுக்கிக்கொண்டு போய்விடும். இறுக்கமெல்லாம் வெளிவளையத்தில்தான். யூரித்தேன் என்ற ரப்பர் போன்ற பிளாஸ்டிக்கில் செய்த வீல் அதைக் கவ்விப் பிடித்திருக்கிறது. எந்த வளையம் இறுக்கமாக உட்காருகிறதோ, அழுத்தம் அந்த வளையத்தின் மேல்தான் விழ வேண்டும். பேரிங் வேலையில் இதைவிட முக்கியமான விதி கிடையாது.

நம் ஊரில் இது தலைகீழாவதற்கு ஒரு காரணம் உண்டு. சிப்காட் வந்த ஊர் என்பதால் ஓசூரில் பேரிங்குக்கும் பட்டறைக்கும் பஞ்சமில்லை. பையன் வீலை எடுத்துக்கொண்டு மோட்டார் ரிவைண்டிங் கடைக்குப் போவான். "அண்ணா, இத கொஞ்சம் தட்டி ஏத்திக் குடுங்க" என்பான். அவருக்குக் கை பழகியது மோட்டார் ஷாஃப்ட். அங்கே உள்வளையம்தான் இறுக்கம், அதனால் ஒரு பைப்பை உள்வளையத்தில் வைத்துத் தட்டுவார். மோட்டாருக்கு அது சரியான முறை. அதே பைப்பை ஸ்கேட்போர்டு வீலில் வைத்துத் தட்டினால், அடி உள்வளையத்தில் விழுந்து, குண்டுகள் வழியாகப் போய் வெளிவளையத்தைத் தள்ளும். ஒவ்வொரு அடிக்கும் குண்டுகள் தம் ஓடுபாதையில் கண்ணுக்குத் தெரியாத குழிகளைப் பதித்துவிடும். வேகமாகச் சுண்டிவிட்டால் ஒன்றும் தெரியாது, நன்றாகத்தான் சுற்றும். உள்வளையத்தில் விரலைக் கொடுத்து, லேசாக அழுத்தி, மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். குழி விழுந்திருந்தால் தட்டித் தட்டி நகரும். அதற்குமேல் எந்த எண்ணெய் விட்டாலும் அது சரியாகாது.

அந்தக் கடைக்கே போங்கள், தப்பில்லை. ஆனால் "தட்ட வேண்டாம்ணா, வைஸ்ல வெச்சு அழுத்திக் குடுங்க" என்று கேளுங்கள். வைஸ் என்பது பட்டறை மேசையில் பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவி. அதன் தாடைகளுக்கு நடுவே இரண்டு தட்டையான மரத்துண்டு வைத்து, வீலையும் பேரிங்கையும் நேராகப் பிடித்து மெதுவாக இறுக்கினால், இரண்டு வளையங்களிலும் அழுத்தம் ஒன்றாக விழும். சுத்தியலுக்கு வேலையே இல்லை.

இதற்கென்றே விற்கும் பிரஸ் கருவியும் இதே வேலையைத்தான் செய்கிறது. நடுவில் ஒரு தண்டு, இரண்டு பக்கமும் தட்டையான முகம். திருகத் திருக முகங்கள் நெருங்கிவந்து பேரிங்கை உள்ளே தள்ளும். கருவி கையில் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிவிடக் கூடாது. அதிகம் பேர் செய்யும் தவறு, பேரிங் கோணலாக நுழைந்த பிறகும் விடாமல் திருகுவது. கருவி தானாக நேராக்கிவிடும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஆகாது. பேரிங் ஒரு பக்கம் தூக்கியபடி யூரித்தேனைச் செதுக்கிக்கொண்டு போகும், அப்புறம் அந்த வீலில் எந்தப் பேரிங்கும் நேராக நிற்காது. முதல் ஒரு மில்லிமீட்டரைக் கண்ணால் பாருங்கள். சுற்றிலும் ஒரே அளவு உள்ளே போயிருந்தால் மட்டும் மேலே திருகுங்கள். கோணலாகத் தெரிந்தால் வெளியே எடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பியுங்கள்.

பேரிங் அடியில் போய் உட்கார்ந்ததும் திருகு சட்டென்று கனக்கும். அங்கே நிறுத்திவிட வேண்டும். "இன்னும் ஒரு சுத்து" என்று இறுக்குவதால் பேரிங் மேலே போகப்போவதில்லை, வீலின் நடுப்பகுதிதான் நசுங்கும். மென்மையான பெரிய வீல்களில் இது சீக்கிரம் நடக்கும்.

கருவி வாங்க முடியாதவர்கள் ஹார்டுவேர் கடையில் எட்டு எம்எம் போல்ட்டும் நட்டும் வாங்கிச் செய்துகொள்ளலாம். முழு நீளத்துக்கும் மரை ஓடிய 80 மில்லிமீட்டர் போல்ட் போதும். ஆனால் வாஷரில் ஏமாந்துவிடாதீர்கள். எட்டு எம்எம் போல்ட்டுக்குச் சாதாரணமாகத் தரும் வாஷரின் வெளிவிட்டம் 16 மில்லிமீட்டர்தான். அது வெளிவளையத்தைத் தொடவே தொடாது, உள்வளையத்தையும், குண்டுகளை மறைக்கும் மூடியையும்தான் அழுத்தும். சுத்தியலைத் தவிர்த்துவிட்டோம் என்ற திருப்தியோடு அதே தவறைத் திருகிச் செய்வதாகிவிடும். 24 மில்லிமீட்டர் அகல வாஷர் கேட்டு வாங்குங்கள். அதற்கும் புதுப் பேரிங்குக்கும் நடுவே ஒரு பழைய 608 பேரிங்கை வையுங்கள். அதே 22 மில்லிமீட்டர் என்பதால் வெளிவளையத்தோடு வெளிவளையம் சரியாகப் பொருந்தும். பேரிங் இருக்கை, அதாவது வீலில் பேரிங் உட்காரும் குழி, வீலின் முகத்திலிருந்து கொஞ்சம் உள்ளடங்கி இருந்தாலும் கடைசிவரை தள்ளிவிடும்.

மாட்டுவதற்கு முன் இருக்கையைத் துணியால் துடைக்காமல் விடுவதும் பெரிய தவறு, அதிலும் நம் பகுதியில். கிரானைட் லாரி போகிற சாலையோரத்தில் ஓட்டுகிற போர்டில் அந்தத் தூள் இல்லாமல் இருக்காது. அதில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் நல்ல கடினமானது. இருக்கையில் ஒரு துகள் மாட்டினாலும் பேரிங் ஒரு பக்கம் சாயும், உள்ளே போனால் குண்டுகளைத் தேய்க்கும். ஒரு பக்கம் மட்டும் மூடியுள்ள பேரிங் என்றால், மூடி வெளியே பார்த்தபடியும் திறந்த பக்கம் வீலின் நடுவைப் பார்த்தபடியும் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் தூசிக்கு வாசலைத் திறந்துவைத்தது போலத்தான்.

சுலபமாக ஏற வேண்டும் என்று இருக்கையில் எண்ணெய் தடவாதீர்கள், வெளிவளையம் வீலுக்குள் நழுவிச் சுற்ற ஆரம்பிக்கும். சூடு காட்டுவதும் வேண்டாம். ஷாஃப்ட்டில் ஏற்ற பேரிங்கைச் சூடாக்குவார்கள், துளை விரியும் என்பதால். இங்கே சூடாக்கினால் வெளிவளையமும் விரிந்து இன்னும் இறுகத்தான் செய்யும்.

கழற்றுவது வேறு கதை. வீலுக்குள் இருக்கும் பேரிங்கின் வெளிவளையத்தைப் பிடிக்க இடமில்லை. புல்லர் கருவி உள்வளையத்தின் பின்னால் கொக்கி போட்டுத்தான் இழுக்கும், ஆகவே அழுத்தம் குண்டுகள் வழியாகப் போவதைத் தவிர்க்க முடியாது. செய்யக்கூடியது ஒன்றுதான்: வெடுக்கென்று இழுக்காமல், கருவியை நேராகப் பிடித்து, நிதானமாக இழுப்பது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பவே கூடாது. அது மூடியைக் கிழிக்கும், இருக்கையின் ஓரத்தைப் பெயர்க்கும். கருவி இல்லாமல் ஆக்ஸில் நுனியில் பேரிங்கை மாட்டி வீலை வளைத்து எடுக்கும் முறை உலகமெங்கும் பழக்கத்தில் உள்ளது, அவசரத்துக்கு உதவும். அதையும் பலம் கொண்ட மட்டும் செய்தால் ஆக்ஸில் நுனியின் மரை நசுங்கும்.

இன்னொன்று, அடிக்கடி கழற்றாதீர்கள். வாராவாரம் கழற்றிச் சுத்தம் செய்வது அக்கறை மாதிரித் தோன்றும். ஒவ்வொரு தடவையும் இருக்கை கொஞ்சம் தளரும், பேரிங்கும் ஒரு இழுப்பைத் தாங்க வேண்டும். மழையில் நனைந்தால், சத்தம் வந்தால், சுற்றுவது கனத்தால் கழற்றுங்கள். மற்ற நாளில் வெளியே துடைத்தால் போதும்.

திரும்ப மாட்டும்போது இரண்டு பேரிங்குக்கும் நடுவே வைக்கும் 10 மில்லிமீட்டர் ஸ்பேசரை, அதாவது இடைவெளி காக்கும் சின்னக் குழாயை, மறந்துவிடுகிறார்கள். ஒரு பேரிங்கை ஏற்றி, ஸ்பேசரைப் போட்டு, அப்புறம் அடுத்தது. அது இல்லாவிட்டால் நட்டை இறுக்க இறுக்க உள்வளையங்கள் ஒன்றை நோக்கி ஒன்று தள்ளப்பட்டு, குண்டுகள் பக்கவாட்டில் நெருக்கப்படும். வீலுக்கு இரண்டு பக்கமும் போடும் சின்ன வாஷர்களையும் பத்திரமாக எடுத்துவைத்திருந்து போடுங்கள். அவை இல்லையென்றால் நட்டு நேராகப் பேரிங்கில் உரசும்.

நட்டு தொலைந்துபோனால் ஹார்டுவேர் கடையில் "எட்டு எம்எம் நட்டு" என்று கேட்டு வாங்கிவிடாதீர்கள். பார்க்க அச்சு அசலாக இருக்கும், ஒரு சுற்று ஏறவும் செய்யும். ஸ்கேட்போர்டு ஆக்ஸிலில் இருப்பது அங்குலத்துக்கு 24 மரை. சாதாரண எட்டு எம்எம் நட்டின் மரை இடைவெளி 1.25 மில்லிமீட்டர். இரண்டும் சேராது. ஸ்பேனர் போட்டு வலுக்கட்டாயமாக ஏற்றினால் ஆக்ஸில் மரை அழிந்து, கடைசியில் ஆக்ஸிலைத் தாங்கும் உலோகப் பாகமான டிரக்கையே மாற்ற வேண்டி வரும். 5/16 அங்குலம், 24 மரை, நைலான் வைத்த நட்டு என்று கேளுங்கள். கடைக்காரருக்குச் சந்தேகம் வந்தால் மற்ற வீலில் இருக்கும் நட்டைக் கழற்றிக் காட்டி, அதே மரையா என்று பார்த்து வாங்குங்கள்.