சூப்பர் பவுல் கணிப்பு: குவார்ட்டர்பேக்கை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்

ஒவ்வொரு பிப்ரவரியிலும் அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலைப் புதிதாகக் கணிக்க வருபவர்கள் அதே பழைய குழியில்தான் விழுகிறார்கள். 'பிடித்த அணியையே சொல்லாதே' போன்ற பாலபாடங்கள் இங்கே வேண்டாம். விவரம் தெரிந்தவர்களையே கவிழ்க்கும் தவறுகள் இவை.

குவார்ட்டர்பேக்கைப் பார்த்து முடிவெடுப்பது

குவார்ட்டர்பேக் என்பவர் பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர். கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணியில் அது மஹோம்ஸ். "மஹோம்ஸ் இருக்கிறார், அப்புறம் என்ன?" என்று பேச்சை முடிப்பவர்களைப் பார்த்தால் இன்றும் எரிச்சல்தான் வருகிறது. பந்து கைக்கு வந்தபின் எறிய அவருக்கு இரண்டரை, மூன்று விநாடி வேண்டும். அந்த நேரத்தை வாங்கித் தருபவர்கள் முன்னால் நிற்கும் ஐந்து பேர்: நடுவில் சென்டர், இருபுறமும் கார்டுகள், ஓரங்களில் டேக்கிள்கள்.

2020 நவம்பர் 29 அன்று கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ், டாம்பா பே பக்கனியர்ஸை 27-24 என்று வென்றது. மஹோம்ஸின் எறிதல்களால் மட்டும் அணி முன்னேறியது மொத்தம் 462 கெஜம். அதை நம்பிப் பலர் இறுதி ஆட்டத்திலும் சீஃப்ஸ் பக்கம் நின்றார்கள். 2021 பிப்ரவரியில் நடந்ததோ 31-9, பக்கனியர்ஸுக்கு. இடையில் என்ன மாறியது? வலது டேக்கிள் மிட்செல் ஷ்வார்ட்ஸ் முதுகுக் காயத்தால் முன்பே விலகியிருந்தார். இடது டேக்கிள் எரிக் ஃபிஷருக்கு இறுதிக்கு முந்தைய ஆட்டத்தில் குதிகால் தசைநாண் கிழிந்தது. வலது டேக்கிளாக ஆடிவந்த ரெம்மர்ஸ் இடதுபக்கம் போனார், கார்டு வைலி வலது டேக்கிளானார், கார்டு இடத்துக்கு இன்னொருவர் வந்தார். ஒருவர் விழுந்ததில் மூன்று இடங்கள் குலைந்தன. மஹோம்ஸ் ஆட்டம் முழுக்க உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடினார். சீஃப்ஸ் ஒரு டச் டவுன்கூட (எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்ப்பது) போடவில்லை.

கணக்கு எளிது. தற்காப்பில் 11 பேர். நான்கு பேர் குவார்ட்டர்பேக் மேல் பாய்ந்தே நெருக்கடி வந்துவிட்டால் மீதி ஏழு பேர் பின்னால் காவல் நிற்கலாம். பந்து வாங்க ஓடக்கூடியவர்களோ அதிகபட்சம் ஐந்து பேர்தான். ஐந்தாவது, ஆறாவது ஆளையும் பாய அனுப்ப (இதுதான் பிளிட்ஸ்) வேண்டியிருந்தால் பின்னால் ஓட்டை விழும், நல்ல குவார்ட்டர்பேக் அதில் புகுந்துவிடுவார். 2025 இறுதியில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் ஒரு பிளிட்ஸ்கூட அனுப்பாமல் மஹோம்ஸை ஆறு முறை சாக் செய்தது, அதாவது பந்தை எறியுமுன் வீழ்த்தியது. அன்றும் சீஃப்ஸின் இடது டேக்கிள் இடத்தில் நின்றவர் ஜோ தூனி, கார்டாக ஆட வேண்டியவர். முதல் பாதியில் சீஃப்ஸ் நகர்ந்தது மொத்தம் 23 கெஜம். முடிவு 40-22.

அதற்காக சாக் எண்ணிக்கையைப் பிடித்துத் தொங்கவும் கூடாது. ஈகிள்ஸ் 2022 பருவத்தில் 70 சாக் எடுத்தது. 2023 பிப்ரவரியில், வழக்கமான ஐவரோடு வந்த சீஃப்ஸிடம் ஒன்றுகூடக் கிடைக்காமல் 38-35 என்று தோற்றது.

ஆகவே முதலில் இரு அணிகளின் ஐவர் பெயரையும் எழுதுங்கள். இடம் மாறி நிற்பவரைப் பாதி ஆளாகவே எண்ணுங்கள். அடுத்து, நான்கு பேரை மட்டும் அனுப்பும்போது எதிரணி எத்தனை சதவீதம் நெருக்கடி தருகிறது என்று பாருங்கள். பருவத்தில் இருவரும் முன்பே மோதியிருந்தால், அன்று இதே ஐவர்தான் ஆடினார்களா என்று சரிபாருங்கள். குவார்ட்டர்பேக் இதற்கெல்லாம் பிறகுதான்.

வெற்றி எண்ணிக்கையை நம்புவது

2024 பருவத்தில் சீஃப்ஸ் 15 வெற்றி, ஈகிள்ஸ் 14. புள்ளி வித்தியாசம் சொன்ன கதை வேறு: சீஃப்ஸ் கூடுதலாக எடுத்தது 59, ஈகிள்ஸ் 160. இதிலும் ஒரு பொறி உண்டு. கடைசி வாரம் சீஃப்ஸ் முக்கிய வீரர்களை உட்காரவைத்து டென்வர் அணியிடம் 38-0 என்று தோற்றது. இரு அணிகளுக்கும் அந்த வாரத்தைக் கழித்தால் ஆட்டத்துக்கு சீஃப்ஸ் சுமார் 6, ஈகிள்ஸ் ஒன்பதரை. இடைவெளி சுருங்குகிறது, மறையவில்லை. மாற்று ஆட்கள் ஆடிய வாரத்தைக் கழிக்காமல் சராசரி போடாதீர்கள்.

வெல்வதையும் ஸ்ப்ரெட்டையும் குழப்புவது

ஸ்ப்ரெட் என்பது வெல்லும் என்று எதிர்பார்க்கப்படும் அணி எத்தனை புள்ளி வித்தியாசத்தைத் தாண்ட வேண்டும் என்ற கணக்கு. 2022 இறுதியில் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்கு ஸ்ப்ரெட் சுமார் 4 புள்ளி. வென்றது 23-20. வெற்றியைக் கணித்தவர் சரி, ஸ்ப்ரெட்டோடு ராம்ஸைச் சொன்னவர் தவறு.

சொந்த மைதானச் சலுகை

பெரும்பாலும் பொது மைதானம்தான். அப்போது உங்கள் சூத்திரம் அதற்காகச் சேர்க்கும் புள்ளியை எடுத்துவிடுங்கள்.

டாஸ், ஜெர்சி நிறம்

வேண்டாம்.

சீக்கிரமே முடிவை எழுதிவிடுவது

இறுதிக்கு முன் இரண்டு வார இடைவெளி இருக்கிறது. பயிற்சியில் யார் முழுதாகக் கலந்துகொண்டார், யார் பாதி, யார் வரவே இல்லை என்று காய அறிக்கை நாள்தோறும் சொல்லும். புதன்கிழமை ஓய்வெடுத்த மூத்த வீரரைப் பார்த்துப் பதற வேண்டாம். வெள்ளியன்றும் வராத டேக்கிள்தான் சேதி. ஆடாதவர் பட்டியல் ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்பு வரும், நம்மூர் நேரப்படி திங்கள் அதிகாலை மூன்றரை மணிவாக்கில். அதைப் பார்த்தபின் பெயரை எழுதுங்கள்.