கத்திரி வெயிலில் மாமல்லபுரம்: சின்னப் பிள்ளைகளோடு போய், வெயில் ஏறுமுன் திரும்புவது எப்படி

போன வருடம் மே மாதம் நாங்கள் செய்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை, நிதானமாக எழுந்து, டிபன் முடித்து, ஒன்பதரைக்கு சென்னை குரோம்பேட்டை வீட்டைப் பூட்டினோம். மாமல்லபுரத்தில் இறங்கும்போது பதினொன்றரை. ஐந்து ரதத்து மணலில் என் மூன்று வயது மகன் ஒற்றைச் செருப்போடு நின்று அலறினான். இன்னொரு செருப்பு பஸ்ஸிலேயே போய்விட்டது. அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நான் பார்த்த சிற்பம் எதுவும் எனக்கு ஞாபகமில்லை. திரும்பும் வழியில் பெண்ணுக்கு வாந்தி.

இந்த வருடம் மறுபடியும் போனோம். காலை பத்து மணிக்குத் திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தோம். எல்லோரும் சிரித்த முகம். மாற்றியது ஒன்றுதான், கிளம்பும் நேரம்: ஒன்பதரைக்குப் பதில் விடிகாலை. மற்றதெல்லாம் அதைச் சுற்றி வருவது.

கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதமும் காலை ஆறு மணிக்கே திறந்துவிடுகின்றன. ஆனால் ஒன்பது மணிக்கு முன் வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். தாம்பரத்திலிருந்து 515 பஸ் கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாகப் போகும். விடிகாலையில் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை எழுப்பிக் குளிப்பாட்டிக் கிளப்பலாம் என்று நினைக்காதீர்கள். முந்தின இரவே போட்டுக்கொண்டு போகும் பருத்திச் சட்டையோடு படுக்க வைத்துவிடுங்கள். காலையில் அப்படியே தூக்கிக்கொண்டு போனால், மிச்சத் தூக்கத்தை பஸ்ஸில் தூங்குவார்கள். பல் துலக்குவதை அங்கே இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம். என் அத்தைக்கு இதில் உடன்பாடில்லை. "குளிக்காம கோயிலுக்கா?" என்றார். கடற்கரைக் கோயிலில் இப்போது பூஜை நடப்பதில்லை என்று சொன்ன பிறகுதான் சமாதானம் ஆனார்.

இரவிலேயே செய்ய வேண்டியது இன்னொன்று: தண்ணீர் பாட்டிலைப் பாதி நிரப்பி ஃப்ரீஸரில் படுக்க வைத்துவிடுங்கள். காலையில் மீதியை நிரப்பி, நனைத்த துண்டில் சுற்றிப் பையில் போட்டால் பத்து மணி வரை ஜில்லென்று இருக்கும். முழுக்க நிரப்பி உறைய வைத்தால் பாட்டில் வெடிக்கும், தாகம் எடுக்கும் நேரத்தில் பனிக்கட்டியை நக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஒரு சின்ன பாட்டிலில் உப்பு சர்க்கரைக் கரைசலும் எடுத்துக்கொள்வேன். காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலை தட்டி. உப்பு கூடிவிடக் கூடாது. சிறுநீர் அடர்மஞ்சளாக வந்தால் பிள்ளை போதுமான தண்ணீர் குடிக்கவில்லை என்று அர்த்தம். விளையாட்டை நிறுத்தி, நிழலில் உட்கார வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள்.

சாப்பாட்டுக்கு இட்லியை விட்டால் வேறில்லை. சூடு ஆறிய இட்லியில் இரண்டு பக்கமும் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி வாழை இலையில் கட்டிவிடுங்கள். சின்னவனுக்குப் பொடிக்குப் பதில் நெய்யும் சர்க்கரையும். சட்னி வேண்டாம், தேங்காய் சீக்கிரம் கெட்டுவிடும். தயிர் சாதம் கட்டுவதானால் பாலை நிறைய விட்டுப் பிசைந்து, ஒரே ஒரு ஸ்பூன் தயிர் சேர்த்தால் போதும், வெயிலுக்குப் புளிக்காது.

சரி, ஊருக்கு வந்தாயிற்று. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலேயே இருக்கும் அர்ச்சுனன் தபசிலிருந்து ஆரம்பியுங்கள். கிழக்குப் பார்த்த பாறை முழுக்கச் செதுக்கிய சிற்பம்; காலை வெளிச்சம் நேராக விழும்போது ஒவ்வொரு உருவமும் தனித்தனியாக எழுந்து நிற்கும். ஏறக்குறைய 90 அடி நீளம். பல்லவர், ஏழாம் நூற்றாண்டு, புடைப்புச் சிற்பம் என்றெல்லாம் ஆறு வயதுக் குழந்தையிடம் ஆரம்பித்தால் அது ஐஸ் வண்டியைத் தேடும். நான் செய்தது, மிருக வேட்டை. "பெரிய யானை காலுக்குக் கீழே குட்டி இருக்கு, எத்தனைன்னு எண்ணு." "மூக்கைச் சொறியும் மான் எங்கே?" கடைசியாகத்தான் பூனை. பெரிய யானையின் தந்தத்துக்குப் பக்கத்தில், இரண்டு முன்கால்களையும் தலைக்கு மேல் தூக்கி ஒரு பூனை தவம் செய்யும். அதன் காலடியில் எலிகள். என் பெண் அதைக் கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டாள். கண்டுபிடித்ததும் கேட்டாள், "பூனை எதுக்கும்மா யோகா பண்ணுது?" அத்தை அங்கேயே படியில் உட்கார்ந்து ருத்திராட்சப் பூனை கதையை எடுத்துவிட்டார். எலிகள் நம்பி நம்பி வரிசையில் போக, கடைசி எலியைப் பூனை தினமும் பிடித்துத் தின்ற கதை. கேட்டுக்கொண்டே இரண்டும் ஆளுக்கு மூன்று இட்லி சாப்பிட்டதை நான் கவனித்தேன். வீட்டில் இது நடக்காது.

பக்கத்துக் கிருஷ்ண மண்டபத்தில் பால் கறக்கும் ஆளும் கன்றை நக்கும் பசுவும் உண்டு, அதையும் காட்டுங்கள். சரிவில் உருளாமல் நிற்கும் பெரிய பாறை, வெண்ணெய் உருண்டை; அதற்கு ஐந்து நிமிடம் போதும். 1908-ல் ஆளுநர் ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுத்தும் அது அசையவில்லையாம். பையன் தானும் ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தான். அந்தச் சரிவுப் பாறை வழுவழுப்பானது. சறுக்க விடுவதானால் பழைய டவுசராகப் போடுங்கள், கீழே ஒருவர் நிற்க வேண்டும்.

அப்புறம் ஆட்டோ பிடித்து ஐந்து ரதம். 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு டிக்கெட் இல்லை. பெரியவர்களின் டிக்கெட்டைக் கசக்கி எறியாதீர்கள், அதே நாளில் கடற்கரைக் கோயிலுக்கும் அதுதான். இங்கே ஒரு யானை, உயிருள்ள யானை அளவு, ஒற்றைக் கல். நுழையும் பக்கத்திலிருந்து அதன் பின்பக்கம்தான் தெரியும். பக்கத்திலிருக்கும் நகுல சகாதேவ ரதத்தின் முதுகையும் யானையின் முதுகையும் மாற்றி மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே வளைவு. இந்த அமைப்புக்குத் தமிழில் தூங்கானை மாடம் என்று பெயர். அந்தப் பெயரைச் சொன்னதும் என் மகன் "அப்ப சத்தம் போடாதே" என்று ரதத்தைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தான்.

எட்டே முக்காலுக்குக் கடற்கரைக் கோயில். உள்ளே வேகமாகச் சுற்றிவிட்டு அலைக்குப் போனோம். இங்கே மட்டும் நான் கறார். கணுக்கால் வரைதான், அதுவும் ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர், மணிக்கட்டைப் பிடித்தபடி. விரலைப் பிடித்தால் ஈரத்தில் நழுவிவிடும். அமைதியாகத் தெரிந்தாலும் இந்தக் கடல் திரும்பும்போது காலடி மணலை இழுத்துக்கொண்டு போகும். குளிக்க விடாதீர்கள். கூட்டத்தில் தொலைந்தால் உதவட்டும் என்று பிள்ளையின் முன்கையில் நம் போன் நம்பரைப் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிவிடுவேன்.

மணலைத் தண்ணீரால் கழுவக் கழுவ ஒட்டும். முதலில் கால் காயட்டும், பிறகு டால்கம் பவுடரைத் தூவித் தட்டினால் அப்படியே உதிரும். நுங்கு விற்றால் வாங்குங்கள்; மூன்று வயதுக்குக் கீழே முழுசாகக் கொடுக்காதீர்கள், வழுக்கித் தொண்டையில் போய் அடைக்கும். நகத்தால் துண்டு துண்டாகப் பிய்த்துக் கொடுங்கள். கழிப்பறைக்கு, பெரியவர்கள் காபி குடிக்கும் ஓட்டலே வசதி. பஸ் ஏறுமுன் அங்கேயே போய்வரச் செய்துவிடுங்கள்.

திரும்பும் பஸ்ஸில் இடது பக்கம் இடம் பிடியுங்கள். வடக்கே போகும்போது வெயில் வலது ஜன்னலில்தான் அடிக்கும். திருப்போரூர் வருமுன் என் மடியில் இரண்டு தலைகள். செருப்பு நான்கும் இருக்கிறதா என்று குனிந்து எண்ணினேன். இருந்தது.