நைட்ரஜன் போட்டால் கார் பறக்குமா?

நைட்ரஜன் நிரப்பிய, பச்சை மூடி போட்ட டயரில் சாதாரணக் காற்றைக் கலந்தால் கெட்டுவிடும் என்று பயமுறுத்துவார்கள். ஒன்றும் ஆகாது. நாம் சுவாசிக்கும் காற்றிலேயே சுமார் 78 சதவீதம் நைட்ரஜன்தான். தூய நைட்ரஜனில் ஈரப்பதம் இல்லை, கசிவும் கொஞ்சம் மெதுவாக நடக்கும், லாபம் அவ்வளவுதான். மைலேஜ் எகிறும், டயர் சூடே ஆகாது என்பதெல்லாம் கடைக்காரர் கணக்கு.

டிராக்டரின் பின்சக்கரத்தில் முக்கால்வாசி தண்ணீர் நிரப்புவது உண்மை. சேற்றில் வழுக்காமல் பிடிக்க எடை வேண்டும், அதற்காக. 'அப்போ காரிலும் ஊற்றினால் குளிர்ச்சியாக இருக்குமே' என்று கிளம்பிவிடாதீர்கள். வேகத்தில் தண்ணீர் அலம்பி வண்டி உதறும், இரும்பு ரிம் துருப்பிடிக்கும்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். ஆபத்தான புளுகு ஒன்று உண்டு: வெயில் காலத்தில் காற்றைக் குறைத்து வைக்க வேண்டுமாம். காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிர்ந்து சூடேறும். அந்தச் சூட்டில்தான் நெடுஞ்சாலையில் வெடிக்கிறது. ஓடும்போது அழுத்தம் 3, 4 பிஎஸ்ஐ ஏறுவது இயல்பு, அதைக் கணக்கில் வைத்தே அளவு குறித்திருக்கிறார்கள். சூடான டயரிலிருந்து காற்றை இறக்கவே கூடாது.

சரியான அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவோரத் தூணில் ஒட்டியிருக்கும். முழு லோடுக்குத் தனி எண் இருக்கும். டயர் மேல் அச்சிட்டிருப்பது உச்ச வரம்பு, அந்த அளவுக்கு ஏற்றாதீர்கள். மாதம் ஒருமுறை, வண்டி 3 மணி நேரம் நின்ற பிறகு பாருங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்து.